ஆற்றில் ஊற்றிய பட்டா

ஒரு தாலுகாவின் மொத்த நிலப் பதிவேட்டையும் நான் வாளியில் மொண்டு மொண்டு ஆற்றில் ஊற்றினேன். பகல் பதினொன்றே கால் மணிக்கு, டீ குடித்துவிட்டு. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் ஊரான முகத்துறையில் வேறு எவனும் இதைச் செய்ததில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பதிவேடு எப்படி வாளிக்கு வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். காகிதத்தைக் கரையான் தின்றது. கம்ப்யூட்டரை உப்புக்காற்று தின்றது. மிஞ்சியதை எந்த நாட்டிலோ உட்கார்ந்திருந்த எவனோ பூட்டி வைத்துக்கொண்டு பேரம் பேசினான். அரசாங்கம் நன்றாக யோசித்து, எவனும் திருட நினைக்காத இடத்தில் எழுதி வைப்பது என்று முடிவெடுத்தது. அந்த இடம் பாசி. வெண்ணலாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் கரையில் உயிராவணக் காப்பகம் என்று ஒரு கட்டடம் எழும்பியது. உள்ளே மூன்று கண்ணாடித் தொட்டிகள், ஓர் அதிகாரி, ஒரு டாக்டரம்மா, உதவியாளனாகப் பக்கிரிசாமி என்கிற நான்.

டாக்டரம்மாவின் பெயர் மெஹ்ருன்னிசா. நுண்பாசிகளைப் படித்துப் பட்டம் வாங்கியவர். முதல் நாள் நான் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா பாசி? ஒண்ணையும் காணுமே" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாது அண்ணே. ஒரு சொட்டுல ஆயிரக்கணக்குல மிதக்கும். ஒவ்வொண்ணு உடம்புக்குள்ளயும் இந்தத் தாலுகா நிலம் பூரா எழுதியிருக்கு. அது ரெண்டாப் பிரிஞ்சா எழுத்தும் ரெண்டாயிடும்."

"தப்பில்லாமயா?"

"தப்பு வரும். ஆனா எல்லாத்துக்கும் ஒரே தப்பு வராது. ஆயிரத்தை எடுத்துப் படிச்சா, பெரும்பாலானது என்ன சொல்லுதோ அதுதான் நிஜம்."

"அப்ப எலெக்‌ஷன் மாதிரின்னு சொல்லுங்க."

"சேச்சே. இதுங்க காசு வாங்காது."

தொட்டித் தண்ணீர் இளம் பழுப்பாக, தெளிந்த மேல்ரசம் போல இருக்கும். அதனால் ஆபீஸில் அதற்கு ரசம் என்றே பெயர். காலையில் வந்ததும் ரசத்தைக் கலக்கி விடுவது, விளக்குப் போடுவது, மாலையில் விளக்கை அணைப்பது என் வேலை. அதற்கு முன் நான் தாலுகா ஆபீஸில் இருந்தேன். பத்தொன்பது வருடமாக முகத்துறையை விட்டு நகராதவன். மாறுதல் ஆணை வரும் வாசனை தெரிந்தால் மருத்துவ விடுப்பில் போய்விடுவேன். அமளி ஓய்ந்ததும் வந்து என் நாற்காலியில் உட்காருவேன்.

என் மனைவி தனபாக்கியம் இறால் தடவுகிறவள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. கடல் உள்ளே ஏறுவதை ஏத்தம் என்றும், நீர் வடிந்து வெளியே போவதை வத்தம் என்றும் நாங்கள் சொல்வோம். வத்த நேரத்தில் முகத்துவாரத்துச் சேற்றுத்திட்டை ஒட்டிப் பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்குவார்கள். இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப்பை ஒன்று உண்டு. கைகள் ஓய்வில்லாமல் இருப்பதால் பையின் பிடியைப் பல்லில் கடித்திருப்பார்கள். ஆகவே வேலை முடியும்வரை பேச்சு கிடையாது. என் கல்யாண வாழ்க்கையில் நிம்மதியான நேரம் அதுதான் என்று ஆபீஸில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அரசு ஊழியன் பெண்டாட்டி சேற்றில் நிற்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகவும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இந்த நிலையில்தான் நில மறுஅளவை வந்தது. பழைய ரசத்தின்படி சேற்றுத்திட்டு இறால் தடவும் நாற்பது பெண்களின் பொது உரிமை. புதிதாக எழுதி நகரத்துத் தொட்டிக்கு அனுப்பிய ரசத்தின்படி அது ஒரு சொகுசு விடுதிக்காரருக்குச் சொந்தம். பழையதை அழித்துவிடும்படி உத்தரவு வந்தது. புதுப் பதிவில் இன்னொரு சின்ன மாற்றமும் இருந்தது. ஆற்றோரப் புறம்போக்கில் நான் கட்டியிருந்த வீட்டுக்குப் பட்டா கிடைத்திருந்தது. நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா மூன்று மாதப் பயிற்சிக்கு வெளியூர் போன வாரமாகப் பார்த்து அதிகாரி குணாளன் என்னைக் கூப்பிட்டார்.

"பக்கிரி, பழைய ரசத்தை இன்னிக்கே முடிச்சிடு."

"விதிப்படி ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் ஊற வைக்கணும் சார். பவுடர் இல்ல."

"நாலு மூட்டை வந்துதேய்யா?"

"நேத்து அமைச்சர் வந்தாரே சார். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கோடு போட்டாச்சு."

யார் பெரியவர் வந்தாலும் சாலையோரம் ப்ளீச்சிங் பவுடரால் வெள்ளைக்கோடு இழுப்பது எங்கள் வழக்கம். அதனால் கிருமியும் சாகாது, பார்க்கக் கோலம் மாதிரியும் இருக்காது. ஆனாலும் கோடு இல்லாமல் ஓர் அமைச்சரை வரவேற்க எங்களுக்குக் கை வராது.

குணாளன் கணிதப் பட்டதாரி. பழைய தபால் உறை ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டார்.

"இங்க பாரு. ஒரு வத்தத்துல முகத்துவாரத் தண்ணியில பாதி கடலுக்குப் போயிடுது. ஒரு நாளைக்கு ரெண்டு வத்தம். அப்ப கால்வாசிதான் மிச்சம். பாசி ஒரு நாளைக்கு ஒரு தடவ ரெண்டாப் பிரியும். அப்ப அரைவாசி. தினம் பாதி பாதியாக் குறைஞ்சா முப்பது நாள்ல நூறு கோடிக்கு ஒண்ணுதான் நிக்கும். அதையும் ஏதாவது நெத்திலி தின்னுட்டுப் போயிடும். வத்தம் பார்த்து ஊத்து."

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. வத்தம் பார்த்து ஊற்றினேன். 'முறைப்படி ப்ளீச்சிங் பவுடர் இட்டு அழிக்கப்பட்டது' என்ற சான்றிதழில் கையெழுத்தும் போட்டேன்.

அன்று சாயங்காலம் தனபாக்கியம் இறால் உரித்துக்கொண்டே, "இன்னிக்கு தண்ணியில என்னமோ ஒரு வாடைங்க. பயிறு ஊற வெச்ச மாதிரி" என்றாள். நான் இறால் தொக்கைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வேலி வந்தது. சேற்றுத்திட்டைச் சுற்றி இரும்புக் கம்பி, சீருடை போட்ட காவலர்கள், விடுதியின் படம் போட்ட பலகை. நாற்பது பெண்கள் ஓலைப்பையும் கையுமாகக் கரையிலேயே நின்றார்கள். தனபாக்கியம் நேராக என் ஆபீஸுக்கு வந்தாள்.

"உங்க பாசியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. எங்க மண்ணுன்னு அதுல இருக்குல்ல?"

"பாசி இல்ல. அழிச்சாச்சு."

"யாரு அழிச்சா?"

"அரசாங்கம்" என்றேன். ஒரு வகையில் உண்மைதான்.

அடுத்த மாதம் டாக்டரம்மா திரும்பி வந்தார். காலித் தொட்டிகளைப் பார்த்தார். சான்றிதழைப் படித்தார். பிறகு இருப்புப் பதிவேட்டை எடுத்து, ப்ளீச்சிங் பவுடர் எந்தத் தேதியில் எதற்குப் போனது என்று பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் ஒரு குடுவையோடு ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தார். பன்னிரண்டு நாள் மொண்டார். ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பதின்மூன்றாம் நாள் நான் குடுவைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போயிருந்தேன். கரையில் வேலியைப் பார்த்தபடி தனபாக்கியம் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன தங்கச்சி, தினம் வந்து மேத்தண்ணிய மொண்டு மொண்டு எடுத்துட்டுப் போற?"

"ஒரு பாசியத் தேடறேன் அக்கா. வத்தத்துல கடலுக்குப் போயிருச்சு போல."

"மேல இருக்கறது போவும். கால்கிட்ட இருக்கறது எங்க போவுது? வத்தத்துல இடுப்ப வெளிய இழுக்கும், பாதத்த உள்ள தள்ளும். அந்த அடித்தண்ணி இல்லன்னா நாங்க இத்தன வருசம் நின்னிருக்க முடியுமா? எப்பவோ கடலுக்குப் போயிருப்போம்."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ அக்கா! இதைப் படிச்சுப் பரீட்சையே எழுதியிருக்கேன். மேல ஆத்துத் தண்ணி லேசு, அது வெளிய ஓடும். கீழ கடல் தண்ணி கனம், அது உள்ள ஊரும். தெரிஞ்சும் கரையில நின்னு மொண்டிருக்கேன் பாருங்க."

"புடவை நனையுமேன்னு பார்த்திருப்ப" என்றாள் தனபாக்கியம்.

குடுவையைப் பல்லில் கடித்துக்கொண்டு, காவலர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் வேலிக்கடியில் புகுந்து அவளே அடித்தண்ணீரும் ஒரு பிடி சேறும் எடுத்து வந்தாள். மறுநாள் டாக்டரம்மா என்னை நுண்ணோக்கிக்குக் கூப்பிட்டார்.

"பாருங்க அண்ணே. நம்ம ரசம்."

குனிந்து பார்த்தேன். பொன்னிறத்தில் சின்னச் சின்னப் படகுகள் போல ஊர்ந்துகொண்டிருந்தன.

"அதெப்படிம்மா இன்னும் இருக்கும்? நாலு மாசம் ஆகப்போகுதே."

"வத்தம் வந்தா அடிக்குப் போயிடுது. ஏத்தம் வந்தா மேல வந்து வெயில் காயுது. ஓட்டத்தை எதிர்த்துப் போற தெம்பெல்லாம் அதுக்குக் கிடையாது. மேலயும் கீழயும் போகத்தான் தெரியும். மூழ்கத் தெரியாததெல்லாம் முதல் வாரமே கடலுக்குப் போயிருக்கும். தெரிஞ்சது மட்டும் நின்னு பெருகியிருக்கு. ரொம்பக் கஷ்டம்னா தன் மேலோட்டுக்குள்ள சுருங்கிச் சேத்துல படுத்துத் தூங்கிடும்."

"கெட்டிக்காரப் பாசிதான்."

"உங்க ஞாபகம்தான் வந்துச்சு அண்ணே. மாறுதல் ஆர்டர் வந்தா மூழ்குறதும், போனதும் மிதக்குறதும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு சிக்கல் இருக்கு. சேத்துல தூங்குறதை யாராவது கிளறி மேல விடணும். நாப்பது பேர் கை தினம் அதைச் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவங்க தடவினதாலதான் இவ்வளவு மிஞ்சியிருக்கு. இப்ப வேலி போட்டாச்சு, கிளற ஆளில்ல. இந்த மழையில வண்டல் வந்து மூடினா எல்லாம் முடிஞ்சிடும். அதுக்குள்ள இறால் தடவுறவங்க பேர்ல மனுக் கொடுத்து, கோட்டாட்சியர் விசாரணையில படிச்சுக் காட்டணும்."

"காட்டுங்களேன்."

"நானே வளர்த்து ஆத்துல ஊத்தினேன்னு சொல்லுவாங்க. சான்றிதழ்ல செத்துப்போச்சுன்னு இருக்கே. உயிரோட ஊத்தினவர் வந்து சொன்னாத்தான் இது செல்லும்." குடுவையை மூடிக்கொண்டே சொன்னார். "யாரு ஊத்தினதுன்னு நான் கேக்கல அண்ணே."

விசாரணை கோட்டாட்சியர் அலுவலகத்தில். அதற்கு முந்தின நாளே எனக்கு மஞ்சள் காமாலை என்று ஒரு மருத்துவச் சான்று வாங்கிவிட்டேன். ஆனால் அதைக் கொடுத்தனுப்ப ஆள் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரில் போனேன். நாற்பது பெண்களும் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா எழுந்து படித்தார். "ஆறாயிரம் பாசி படிச்சேன் சார். அதுல ஐயாயிரத்து எழுநூறு ஒரே மாதிரி சொல்லுது. சேற்றுத்திட்டு, இறால் தடவும் பெண்களின் பொது உரிமை."

"மீதி முந்நூறு?" என்றார் கோட்டாட்சியர்.

"அது முந்நூறு விதமா உளறுது சார்."

குணாளன் எழுந்தார். காப்பகத்து ரசம் முறைப்படி அழிக்கப்பட்டுவிட்டது என்றார். ஆற்றில் இருப்பது யாரோ பின்னால் வளர்த்து விட்ட போலி என்றார். சான்றிதழை நீட்டினார். "அழித்தவர் இங்கேயே இருக்கிறார். அவரையே கேட்கலாம்."

கோட்டாட்சியர் என்னைப் பார்த்தார். மூழ்கிவிடலாம். பையில் மஞ்சள் காமாலை தயாராக இருந்தது. நான் தனபாக்கியத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவள் நகக்கண்ணில் சேறு இல்லை. அரசு ஊழியன் பெண்டாட்டியின் கை எப்படி இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ அப்படியே இருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பவுடர் போடலங்க ஐயா. உசுரோடதான் ஊத்தினேன்."

"போட்டதா கையெழுத்துப் போட்டிருக்கியே?"

"பவுடர் பூரா ரோட்டுல இருந்துச்சுங்க. அமைச்சர் வந்தன்னிக்கு நீங்களும் அங்கதான் நின்னீங்க. உங்க ஷூகூட வெள்ளையாயிருச்சு."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கோட்டாட்சியர் தன்னையறியாமல் காலைப் பார்த்துக்கொண்டார்.

"அப்புறம் ஏன்யா பொய்க் கையெழுத்துப் போட்ட?"

"என் வீட்டுக்குப் பட்டா கொடுத்திருந்தாங்க ஐயா."

சிரிப்பு நின்றது. முதலில் நிறுத்தியவள் தனபாக்கியம்.

சேற்றுத்திட்டு பெண்களுக்கே என்று தீர்ப்பாயிற்று. வேலியைப் பிரித்தார்கள். குணாளனைத் தண்டிக்கும் விதமாகத் தலைநகருக்குப் பதவி உயர்வில் அனுப்பினார்கள். என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். பழைய பதிவுப்படி என் வீடு புறம்போக்கு என்பதால் ஒரே மாதத்தில் இடித்துத் தள்ளினார்கள். பாத்திரங்களைத் தனபாக்கியம் தானே தலையில் சுமந்து ஒரு வாடகை அறைக்குக் கொண்டுபோனாள். நான் பின்னால் பாயைத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சோறு இருக்கிறது, தண்ணீர் வந்துவிட்டது என்பதையெல்லாம் சுவரிடம் சொல்வாள். ஓலைப்பையைக் கடிக்காமலேயே அவள் மௌனமாக இருப்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. திட்டினால்கூடத் தேவலை என்று ஏங்கினேன்.

அரசாங்கம் அதோடு விடவில்லை. நகரத்துத் தொட்டியில் இருப்பது திருத்தப்பட்டது என்றால், தாலுகாவின் உண்மையான பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது? முகத்துவாரத்துத் தண்ணீரிலும் சேற்றிலும். உடனே ஓர் ஆணை வந்தது. வெண்ணலாற்று முகத்துவாரம் முழுவதும் இனி பாதுகாக்கப்பட்ட அரசு ஆவணம். அதைத் தொடுவதும் கலக்குவதும் அதில் எந்தப் பகுதியையும் எடுத்துச் செல்வதும் தண்டனைக்குரிய குற்றம். திட்டு பெண்களுக்குச் சொந்தம்தான், ஆனால் கால் வைக்கக் கூடாது. கிளறாவிட்டால் பாசி புதைந்து சாகும் என்று டாக்டரம்மா மூன்று கடிதம் எழுதினார். கோப்பு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

இந்த ஆவணத்துக்கு ஒரு காப்பாளர் வேண்டுமே. முகத்துவாரத்துக் கொசுவில் உட்கார ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் பணிநீக்கத்தில் கிடந்த என்னையே கூப்பிட்டார்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு நாற்காலி, ஒரு முத்திரை, ஒரு வருகைப் பதிவேடு. என் பெண்டாட்டியை ஆற்றில் இறங்கவிடாமல் தடுப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு வத்தம். நாற்பது பெண்களும் ஓலைப்பையைப் பல்லில் கடித்துக்கொண்டு கொட்டகை முன்னால் வந்து நின்றார்கள். எண்பது கண்ணும் என்மேல் இருந்தன. ஆணையை எடுத்து ஒரு தடவை படித்தேன். இன்னொரு தடவை படித்தேன்.

அதை வரைந்த குமாஸ்தா என்னைப் போன்ற ஆள்தான் போலிருக்கிறது. புதிதாக எதையும் யோசிக்காமல், பழைய பதிவறை விதிகளை அப்படியே பார்த்து எழுதியிருந்தான். ஏழாவது விதி: 'விண்ணப்பிக்கும் பொதுமக்கள் அலுவலக நேரத்தில் ஆவணத்தை நேரில் சரிபார்க்கலாம். சான்றிட்ட நகலும் பெற்றுச் செல்லலாம்.'

நான் பதிவேட்டைப் பிரித்தேன். "எல்லாரும் வரிசையா வாங்க. விண்ணப்பம் எழுதணும்."

முப்பத்தொன்பது பெயர் எழுதினேன். ஒவ்வொருத்தியாகத் தண்ணீரில் இறங்கினார்கள். கடைசியாகத் தனபாக்கியம் வந்து நின்றாள்.

"பேரு?"

அவள் முறைத்தாள். பிறகு பையை வாயிலிருந்து எடுத்தாள். "தெரியாதா?"

மூன்று மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. விதி என்று ஒன்று இருக்கிறதே, அடுத்த கேள்வியையும் கேட்டேன். "வந்த நோக்கம்?"

அவள் ஆற்றைப் பார்த்தாள். "நீ ஊத்தினது இன்னும் உசுரோட இருக்கான்னு பார்க்கணும்."

'ஆவணம் சரிபார்த்தல்' என்று எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. அவள் பையைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். இடுப்பு, மார்பு, கழுத்து. பிறகு அவள் தோள்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

மதியம் ஏத்தம் திரும்பும் நேரத்தில் வந்தாள். பேனாவை வாங்கி, குறிப்பு என்ற இடத்தில் சேற்று விரலால் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு, 'இருக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடைசிக் கட்டம் பாக்கி: பெற்றுச் சென்றது. பையைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அந்தப் பாசியைத் தின்று வளர்ந்த இறால்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

'சான்றிட்ட நகல், ஒன்றரைக் கிலோ' என்று எழுதி முத்திரை குத்தினேன்.